லேபில் பாஸ்... ரோட்டில் ஃபெயில்! உங்க வண்டி உண்மையில் எவ்வளவு புகை விடுது?

பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் அந்தச் சின்னக் கூண்டை எல்லோரும் பார்த்திருப்போம். வண்டியை நிறுத்தி, சைலன்ஸருக்குள் ஒரு டியூபைச் சொருகி, நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து, ரெண்டு மூணு நிமிஷத்தில் 'பொல்யூஷன் சர்டிஃபிகேட்' கையில் கொடுத்துவிடுவார்கள். டிராஃபிக் போலீஸ் கேட்டால் காட்டலாம், இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது உதவும். அதோடு நாமும் அதை மறந்துவிடுவோம்.

ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அந்தச் சோதனை நடக்கும்போது வண்டி ஓடவே இல்லை. கியர் போடவில்லை, பாலம் ஏறவில்லை, பின்னாடி யாரும் உட்காரவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே 'பாஸ்' ஆகிவிட்டது.

சரி, அது பங்க் டெஸ்ட். ஒரு கார் மாடல் ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே இதைவிடப் பல மடங்கு கறாரான ஒரு சோதனை லேபில் நடக்கும். அதில் பாஸானால்தான் விற்க அனுமதி. அந்தச் சோதனையையே பல வருஷம் கார் கம்பெனிகள் எப்படிச் சமாளித்தன, அதை யார் கண்டுபிடித்தார்கள், அதனால் இந்தியாவில் என்ன மாறியது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

காருக்கு ஒரு டிரெட்மில்

ஜிம்மில் டிரெட்மில் இருக்கும் இல்லையா? அதே மாதிரி காருக்கும் உண்டு. பெயர், சேஸிஸ் டைனமோமீட்டர். தரையில் பதித்த பெரிய உருளைகள் மேல் காரின் சக்கரங்கள் சுற்றும். கார் நின்ற இடத்திலேயே இருக்கும். முன்னாடி ஒரு பெரிய ஃபேன் காற்று வீசும். டிரைவருக்கு எதிரே ஸ்க்ரீனில் ஒரு கோடு ஓடும். எந்த நொடியில் எவ்வளவு வேகம் என்று அது சொல்லும், அவர் அதை அப்படியே பின்பற்ற வேண்டும். வெளிவரும் புகையைப் பைகளில் பிடித்து அளப்பார்கள்.

ஐரோப்பாவில் 2017 வரை பயன்பட்ட கோட்டின் பெயர் என்இடிசி. மொத்தம் 1,180 நொடி, அதாவது 20 நிமிஷத்துக்கும் கொஞ்சம் குறைவு. தூரம் 11 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு சுமார் 34 கி.மீ. இதில் 0-விலிருந்து 50 கி.மீ வேகத்தை எட்ட எவ்வளவு நேரம் தெரியுமா? 26 நொடி! கிரீன் சிக்னல் விழுந்ததும் அப்படி நகர்ந்தால், பின்னாடி நிற்கிற ஷேர் ஆட்டோக்காரர் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது. ஏ.சி ஆஃப், ஹெட்லைட் ஆஃப், அறை வெப்பநிலை 20 முதல் 30 டிகிரிக்குள். மேடு கிடையாது, மழை கிடையாது, எதிர்க்காற்று கிடையாது.

நம்ம ஊர் கார்களுக்கான எம்ஐடிசி சோதனையும் இதன் உடன்பிறப்புதான். அதே 1,180 நொடி. உச்ச வேகத்தை மட்டும் 120-லிருந்து 90 கி.மீ-க்குக் குறைத்திருக்கிறார்கள். கார் விளம்பரங்களில் வரும் 'ஏஆர்ஏஐ மைலேஜ்' இந்த மாதிரி லேப் சோதனையிலிருந்து வருவதுதான். அந்த மைலேஜ் நமக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு இதுவே பாதி பதில்.

லேபை வில்லனாக்கவும் கூடாது. எல்லா கார்களையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால், எல்லோருக்கும் ஒரே நிலைமை வேண்டும். இன்னைக்கு டெஸ்ட் பண்ணினாலும் அடுத்த மாசம் பண்ணினாலும் அதே நம்பர் வரணும். அதற்கு லேப்தான் சரி. பிரச்னை என்னன்னா, வருஷா வருஷம் ஒரே கொஸ்டின் பேப்பர் வந்தால் பசங்க என்ன பண்ணுவாங்க? பாடத்தைப் படிக்க மாட்டாங்க, அந்தப் பத்துக் கேள்வியை மட்டும் படிப்பாங்க.

கலிஃபோர்னியாவில் ஒரு ரோடு ட்ரிப்

2013. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழு கலிஃபோர்னியாவில் மூன்று டீசல் கார்களோடு சுற்றிக்கொண்டிருந்தது. டேன் கார்டர் தலைமை. குழுவில் மார்க் பெஷ், இந்தியாவிலிருந்து படிக்கப் போன அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர். காரின் பின்பக்கம் முழுக்க கருவிகள், சைலன்ஸரில் மாட்டிய குழாய்கள், கருவிகளுக்குக் கரன்ட் கொடுக்க ஒரு ஜெனரேட்டர். பார்க்க விஞ்ஞானம் மாதிரியே இருக்காது, ஏதோ கல்யாண வீட்டுக்கு சவுண்டு சர்வீஸ் போகிற வண்டி மாதிரி இருந்திருக்கும்.

இந்த வேலையைக் கொடுத்தது ஐசிசிடி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு. அவர்களின் நோக்கமே வேறு. ஐரோப்பாவில் டீசல் கார்கள் ரோட்டில் அதிகப் புகை விடுகின்றன என்று தெரியும். அமெரிக்க விதிகள் இன்னும் கறாரானவை. 'பாருங்க, அமெரிக்காவில் இதே கம்பெனிகள் சுத்தமான டீசல் கார் விக்கிறாங்க, இங்கே மட்டும் ஏன் முடியாது?' என்று ஐரோப்பாவிடம் காட்டத்தான் இந்தச் சோதனை.

நடந்தது தலைகீழ். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, சட்ட வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு வெளியிட்டது. ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு. அந்தப் பஸ்ஸாட்டை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை போய்த் திரும்பி, ஏறத்தாழ 4,000 கி.மீ ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது கார் பிஎம்டபிள்யூ எக்ஸ்5. அது பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருந்தது, மேடான கிராமப்புறச் சாலைகளில் மட்டும் தாண்டியது.

முதலில் ஆய்வாளர்கள் தங்கள் கருவியைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அதே கருவி பிஎம்டபிள்யூவுக்குச் சரியாக அளக்கிறதே! இன்னொரு பக்கம், அதே ஃபோக்ஸ்வாகன் கார்களை கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் லேபில் டிரெட்மில் ஏற்றினால், சமர்த்தாகப் பாஸ் ஆகின்றன. லேபில் நல்ல பிள்ளை. கேட்டைத் தாண்டினால் வேறு ஆள்.

காருக்கு எப்படித் தெரியும், இது பரீட்சைன்னு?

2014-ல் அறிக்கை வெளியானது. அதில் கம்பெனியின் பெயர்கூட இல்லை, 'வாகனம் ஏ, பி, சி' என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் கலிஃபோர்னியா காற்று வாரியமும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏ-வும் விடவில்லை. ஃபோக்ஸ்வாகன் 'டெக்னிக்கல் கோளாறு' என்றது. அந்த டிசம்பரில் கார்களைத் திரும்ப அழைத்து சாஃப்ட்வேரை மாற்றியது. மறுபடி ரோட்டில் சோதித்தால், புகை பெரிதாகக் குறையவில்லை. கடைசியில், 2016 மாடல்களுக்கு விற்பனை அனுமதியே தர மாட்டோம் என்று நெருக்கிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று ஈபிஏ பகிரங்கமாக நோட்டீஸ் விட்டது.

காரின் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரில் சில வரி சாஃப்ட்வேர். அது ஸ்டீயரிங் எந்த நிலையில் இருக்கிறது, வேகம் எப்படி மாறுகிறது, இன்ஜின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். யோசிச்சுப் பாருங்க. டிரெட்மில்லில் ஓடும் காரின் வேகம் ஏறி இறங்கும், ஆனால் ஸ்டீயரிங் திரும்பவே திரும்பாது. அந்த வேகக் கோடும் உலகத்துக்கே தெரிந்த ஒன்று. 'ஓஹோ, இது டெஸ்ட்' என்று கண்டுபிடித்ததும் புகைக் கட்டுப்பாட்டை முழுசாக ஆன் செய்யும். ரோட்டுக்கு வந்ததும் குறைத்துவிடும்.

உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் இது இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. தலைமை அதிகாரி மார்ட்டின் விண்டர்கார்ன் அதே செப்டம்பரில் ராஜினாமா செய்தார். 2017-ல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலர் அபராதம் கட்ட கம்பெனி சம்மதித்தது. இன்ஜினீயர் ஒருவரும் மேலாளர் ஒருவரும் அங்கே ஜெயிலுக்குப் போனார்கள்.

இது ஒண்ணும் முதல் தடவை இல்லை என்பதுதான் சுவாரஸ்யம். 1998-லேயே அமெரிக்காவில் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வால்வோ உட்பட ஏழு லாரி இன்ஜின் கம்பெனிகள் கிட்டத்தட்ட இதே குற்றச்சாட்டில் அரசோடு சமரசம் செய்துகொண்டன. ஹைவேயில் ஒரே வேகத்தில் ஓடும்போது டீசலை மிச்சப்படுத்த இன்ஜின் செட்டிங் மாறும், புகை எகிறும். அந்தச் சமரசத்தின் ஒரு பகுதியாகத்தான் ஓடும் லாரியிலேயே புகையை அளக்கும் கருவியை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் உருவாக்கியது. 15 வருஷம் கழித்து அந்த அனுபவம்தான் ஜெட்டாவைப் பிடித்தது.

ஏன் இந்த ரிஸ்க் எடுத்தாங்க?

இன்ஜினுக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது, காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறும். டீசல் இன்ஜினில் இது பெரிய தலைவலி. குறைக்க வழிகள் உண்டு. வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பி வெப்பத்தைக் குறைக்கலாம். ஆனால் அப்போது கரி அதிகமாகும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். யூரியா கரைசலைப் புகையில் தெளிக்கலாம். ஆனால் அதற்குத் தனி டேங்க் வேண்டும், அடிக்கடி நிரப்ப வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து வைக்கும் 'டிராப்' பொருத்தலாம். அதைச் சுத்தம் செய்ய அவ்வப்போது கூடுதல் டீசல் செலவாகும்.

எந்த வழியைப் பிடித்தாலும் மைலேஜிலோ, விலையிலோ, மெயின்டனன்ஸிலோ கை வைக்கணும். வாங்குகிறவர் கேட்பதும் மைலேஜ், பிக்கப், விலை. நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவுன்னு ஷோரூமில் யாராவது கேட்டிருக்கோமா?

அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைத் தூண்டும். வெயிலில் ஓசோனாகவும், காற்றில் மிதக்கும் நுண்துகள்களாகவும் மாறும். டீசல் வண்டிகள் வரம்பைத் தாண்டி விட்ட புகையால் மட்டும் 2015-ல் உலகில் சுமார் 38,000 அகால மரணங்கள் நிகழ்ந்திருக்கும் என்று 2017-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இந்தியாவும் அந்தக் கணக்கில் உண்டு.

ஏமாற்றாமலேயே ஏமாற்றலாம்

ஃபோக்ஸ்வாகன் கதையோடு விஷயம் முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். ஆனால் இதைவிட எனக்குக் கோபம் வருவது, சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்த மற்ற கம்பெனிகளைப் பார்த்துத்தான். 2014-ல் ஐசிசிடி சோதித்த புத்தம்புது டீசல் கார்கள், ஐரோப்பாவின் யூரோ 6 வரம்பான கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராமைவிட ரோட்டில் சராசரியாக 7 மடங்கு விட்டன. அவை பல கம்பெனிகளின் கார்கள்.

எப்படி? சோதனை அறையின் வெப்பநிலை தெரியும் இல்லையா... அந்த வெப்பநிலையில் மட்டும் முழுக் கட்டுப்பாடு, வெளியே குளிர் அதிகமானால் 'இன்ஜின் பாதுகாப்புக்காக' குறைத்துவிடுவது. இதற்கு 'தெர்மல் விண்டோ' என்று ஸ்டைலாகப் பெயர் வேறு. 15 முதல் 33 டிகிரி வரை மட்டும் முழுசாக வேலை செய்யும் அப்படி ஒரு செட்டிங், சட்டம் தடை செய்யும் கருவிதான் என்று 2022 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 33 டிகிரிங்கிறது நம்ம சென்னையில் மார்ச் மாசத்து மதியம். அதே செட்டிங்கோடு ஒரு கார் இங்கே ஓடினால், கோடை முழுக்க அதன் புகைக் கட்டுப்பாடு லீவில்தான் இருக்கும்.

இந்தியாவிலும் 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து சாஃப்ட்வேரை மாற்றுவதாக அறிவித்தது. ஏஆர்ஏஐ ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது பி.எஸ் 4 வரம்பைவிட 1.1 முதல் 2.6 மடங்கு வந்தது. கம்பெனி சொன்ன பதில்: ரோட்டில் இவ்வளவுதான் விடணும்னு இந்தியாவில் விதியே இல்லையே! தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது, உச்ச நீதிமன்றம் அதன் மீதான நடவடிக்கைக்குத் தடை விதித்தது. கம்பெனியின் வாதம் கேட்க எரிச்சலாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் உண்மை. ரோட்டுக்கான விதி அப்போது இங்கே இல்லை.

ரோட்டுக்கே வந்த பரீட்சை

இப்போது இருக்கிறது. ஐரோப்பா 2017 செப்டம்பரிலிருந்து இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, லேப் சோதனையையே மாற்றியது. டபிள்யூஎல்டிபி என்ற புதிய சோதனை 30 நிமிஷம், 23 கி.மீ, உச்ச வேகம் 131 கி.மீ. இரண்டாவது, ஆர்டிஇ. கையடக்கமான அளவுக் கருவியைக் காரின் பின்னால் மாட்டி, நிஜ ரோட்டில், நிஜ டிராஃபிக்கில் 90 முதல் 120 நிமிஷம் ஓட்டுவார்கள். நகரம், ஊர்ப்புறம், ஹைவே மூன்றும் கிட்டத்தட்ட சம பங்கு. கேள்வித்தாள் முன்கூட்டியே தெரியாது. ஆரம்பத்தில் லேப் வரம்பைவிட 2.1 மடங்கு வரை ரோட்டில் அனுமதித்தார்கள், 2020-ல் அது 1.5 மடங்குக்கும் கீழே வந்தது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ் 6. டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 250-லிருந்து ஒரேயடியாக 80 மில்லிகிராம். 2023 ஏப்ரல் 1 முதல் இரண்டாம் கட்டம், அதில்தான் ஆர்டிஇ கட்டாயம். நம்ம ரோட்டுக்கு ஏற்ப வேகங்களை ஐரோப்பாவைவிடக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் ஹோண்டா சிட்டி டீசல், ஹூண்டாய் ஐ20 டீசல் எல்லாம் ஷோரூமை விட்டுக் காணாமல் போனது ஞாபகம் இருக்கா? சின்ன டீசல் காரை ரோட்டிலும் சுத்தமாக ஓட வைக்க ஆகும் செலவு, அதன் விலைக்குத் தாங்கவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பைக், ஸ்கூட்டருக்கு இந்த ரோட்டுச் சோதனை கிடையாது. அவற்றுக்கு லேப்தான்.

பலன் இருக்கா? இருக்கு. டெல்லியிலும் குருகிராமிலும் சாலையோரம் ஒளிக்கதிர் பாய்ச்சும் கருவிகளை வைத்து, கடந்து போன ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளின் புகையை அளந்த ஆய்வு 2024-ல் வெளியானது. பி.எஸ் 4 கார்களோடு ஒப்பிட்டால் பி.எஸ் 6 சொந்தக் கார்கள் விடும் நைட்ரஜன் ஆக்சைடு 81 சதவிகிதம் குறைவு. ஆனால் அதே ஆய்வில் ஒரு அதிர்ச்சியும் உண்டு. 'சுத்தமான எரிபொருள்' என்று நாம் நம்பும் சிஎன்ஜி வண்டிகளில், ஒரு வகைச் சிறு சரக்கு வண்டிகள் லேப் வரம்பைவிட 14 மடங்கு வரையும், டாக்ஸிகள் 4 மடங்கும் நைட்ரஜன் ஆக்சைடு விட்டன. கரும்புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

கார்பன் டை ஆக்சைடிலும் இதே கதைதான். அது நேராக மைலேஜ் கணக்கு. ஐரோப்பாவில் லேபுக்கும் ரோட்டுக்கும் இருந்த இடைவெளி 2001-ல் 9 சதவிகிதம், 2015-ல் 42 சதவிகிதம்! புதிய சோதனை வந்த பிறகு பெட்ரோல், டீசல் கார்களில் சுமார் 20 சதவிகிதமாகக் குறைந்தது. ஆனால் பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் ரோட்டில் லேப் கணக்கைவிட மூன்றரை மடங்கு விடுகின்றன என்று ஐரோப்பிய ஆணையம் 2024-ல் சொன்னது. காரணம் ரொம்ப சிம்பிள். காரை வாங்கியவர்கள் லேப் கணக்கு எதிர்பார்த்த அளவுக்கு அதைச் சார்ஜ் போடுவதில்லை.

திரும்ப அந்தப் பங்க் கூண்டுக்கு...

நம்ம பொல்யூஷன் சர்டிஃபிகேட் பெட்ரோல் வண்டியில் பார்ப்பது முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன். டீசலில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வரும் புகையின் அடர்த்தி. நைட்ரஜன் ஆக்சைடு? அந்தச் சோதனையிலேயே இல்லை. கலிஃபோர்னியாவில் 35 மடங்கு விட்ட அந்த ஜெட்டாவை நம்ம பங்க்கில் கொண்டுவந்து நிறுத்தினால், நைட்ரஜன் ஆக்சைடுக்காக அதை யாரும் ஃபெயில் ஆக்க முடியாது.

கம்பெனி சரியாகச் செய்து கொடுத்ததையும் நாம் கெடுக்காமல் இருக்கலாம். பைக்கில் சத்தத்துக்காக மாட்டும் பல எக்ஸாஸ்ட்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்காது. அதைக் கழற்றிய நிமிஷமே பி.எஸ் 6 என்பது ஆர்.சி புக்கில் மட்டும்தான் மிச்சம். டீசல் காரில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால், மேனுவலில் சொன்னபடி ஹைவேயில் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்க, சேர்ந்த கரி எரிந்துவிடும். 'டிபிஎஃப்-ஐ கழட்டிட்டு சாஃப்ட்வேர் மாத்தித் தர்றேன், மைலேஜ் ஏறும்'னு யாராவது மெக்கானிக் சொன்னால், வேண்டாம்னு சொல்லிட்டு வண்டியை வெளியே எடுத்துடுங்க. யூரியா டேங்க் இருக்கிற வண்டியில் அதில் தண்ணி கலப்பது, சென்ஸாரை ஏமாற்ற எமுலேட்டர் மாட்டுவது எல்லாமும் இதே கணக்குத்தான். ஜெட்டாவில் கம்பெனி செய்த வேலையை, காசு கொடுத்து நாமே செய்துகொள்கிறோம்.